எந்த இடத்துப் பிடி நெல்? கொள்முதல் நிலையத்தில் மாதிரி எடுக்கும் முறை

நெல்லின் ஈரம் 18.4 சதவீதம் என்று ஈரப்பதமானி காட்டியதும் ‘மிஷின் சரியில்லை’ என்று சண்டை தொடங்கிவிடும். பெரும்பாலும் மிஷினில் கோளாறு இருக்காது. அதில் போட்ட பிடி நெல் அம்பாரத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரவு தார்ப்பாய் போட்டு மூடிய குவியலில் காலையில் மேல் நாலு விரல் நெல் வேர்த்துப் போயிருக்கும். பிற்பகலில் அதே மேல்நெல் காய்ந்துவிடும், உள்நெல் ஈரமாகவே கிடக்கும். மேலாக அள்ளினால் காலையில் விவசாயிக்கு நஷ்டம், மாலையில் நிலையத்துக்கு நஷ்டம்.

அதனால் குவியலின் நாலு பக்கமும், ஒவ்வொரு பக்கத்திலும் உச்சி, நடு, அடி என்று முழங்கை ஆழம் கைவிட்டு எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விரித்த சாக்கில் கொட்டிக் கலந்து வட்டமாகப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்கிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பங்கையும் சாக்கோடு ஒட்டிக் கிடக்கும் தூசி, மண் சகிதம் வழித்து எடுக்கணும். மேலாக அள்ளினால் மண் கணக்கில் வராமல் போகும்.

மூட்டை என்றால் குத்தூசி, அதாவது ஒரு பக்கம் நீளப் பள்ளம் உள்ள கூர்முனைக் குழல். பள்ளம் கீழே பார்த்திருக்கச் செருகி, முழுக்க உள்ளே போனதும் திருப்ப வேண்டும். பள்ளத்தை மேலே வைத்துக் குத்தினால் ஓரத்து நெல்லே நிரம்பி, நடு மூட்டை நெல்லுக்கு இடமிருக்காது.

வெயிலில் காய்ந்த நெல்லைச் சூட்டோடு மீட்டரில் போடாதீர்கள். நிழலில் ஆறவிட்டு, பதரை ஊதிவிட்டு, கிண்ணத்தை அமுக்காமல் ஒரே மட்டமாக நிரப்புங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம். மத்திய அரசு தளர்வு ஆணை தந்தால்தான் அதற்கு மேல் வாங்குவார்கள். மற்றவை: மண், கல் 1 சதவீதம், வைக்கோல் துணுக்கு, களைவிதை 1, சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த, வண்டு அரித்த நெல் 5, முற்றாத, சுருங்கிய நெல் 3, தாழ்ந்த ரகக் கலப்பு 6. அரைக் கிலோ மாதிரியில் 1 சதவீதம் என்பது 5 கிராம், ஒரு தேக்கரண்டி மண்கூட அதைத் தாண்டிவிடும். தூசியும் கருக்காயும் தூற்றினால் போகும். முளைத்த நெல்லுக்கும் உள்ளே பழுப்பேறிய அரிசிக்கும் மருந்தில்லை. உமியை உரித்துப் பார்த்தால்தான் பழுப்பு தெரியும் என்பதால், மழையில் நனைந்த நெல்லில் ஒரு பிடியாவது உரித்துப் பாருங்கள்.

அவசரப்பட்டு அதிகம் காயவைப்பதும் வீண். 20 சதவீத ஈர நெல் 100 கிலோவை 17-க்குக் கொண்டுவந்தால் 96.4 கிலோ ஆகும். 14 வரை இறக்கினால் 93 கிலோதான். 40 கிலோ மூட்டைக் கணக்கில் ஈரம் குறைந்ததற்குக் கூடுதல் காசு கிடையாது.

சன்னமா, பொதுவா என்பதை ரகத்தின் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை. உரித்த முழு அரிசி பத்து எடுத்து நீளவாக்கில் வரிசையாக வைத்து அளந்து, பிறகு அதே பத்தைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்து அளங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் 2.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சன்னம். குறைந்தால் பொது ரகம். நுனி உடைந்த அரிசியை இதில் சேர்க்காதீர்கள்.

தகராறு வரும் போலிருந்தால் கலந்த மாதிரியில் பாதியைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, தேதி, நேரம், குவியல் எண் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு நிழலில் வையுங்கள். துணிப்பையில் வைத்தால் மறுநாள் சோதிக்கும்போது ஈரம் மாறியிருக்கும்.