ரெண்டு டின் மாவும் டொரொண்டோத் தராசும்

“ரெண்டு டின் மா, பாதித் தேங்காய், கையளவு உப்பு, பதமாத் தண்ணி.” நுவரெலியாவிலிருந்து போனில் வரும் ரொட்டிக் கணக்கு இவ்வளவுதான். டொரொண்டோவில் வாங்கிய அளவுக் கப்பால் இதை அளந்து பிசைந்தால் கல்லில் வேகுவது பலகை.

டின் என்றால் நமக்குக் கட்டிப்பால் டின். லேபிளில் 390 கிராம் என்றிருப்பதை மாவுக்கும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது டின்பாலின் எடை, தண்ணீரைவிடப் பாரம். அந்த டின் கொள்வது சுமார் 300 மில்லிலீட்டர். அரிசி போட்டால் 250 கிராமுக்குக் கிட்ட வரும், கோதுமை மா என்றால் 160 முதல் 180 வரைதான்.

கப்பும் ஊருக்கு ஊர் மாறும். கனடாவில் 250 மில்லி, அமெரிக்கக் குறிப்புகளில் 237. மேசைக்கரண்டி இங்கே 15 மில்லி, அவுஸ்திரேலியாவில் 20. இதெல்லாம் போகட்டும், மாவின் கூத்துதான் தாங்க முடியாதது. ஒரே கப்பில் கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்தால் 130 கிராம். பையிலேயே கப்பை முக்கி அள்ளினால் 150ஐத் தாண்டும். தட்டித் தட்டி நிரப்பினால் இன்னும் ஏறும். நாலு கப்பில் 80 கிராம் கூடிவிட்டால் எந்தப் பதத்தைப் பிடிப்பது?

ஆகவே தராசுதான். நம் சனத்துக்குத் தராசென்றால் ஒரு சந்தேகம் வரத்தான் செய்யும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கழிவு, மழைத் தண்ணிக்கு ஒரு கழிவு. கணக்கப்பிள்ளை சொன்னதுதான் கிலோ. இந்தச் சின்னத் தராசும் கழிக்கத்தான் செய்கிறது. வெறும் பாத்திரத்தை வைத்துப் பூச்சிய பட்டனை அமுக்கினால் பாத்திரத்தின் எடையை மட்டும் கழிக்கும், ஒரு கிராம் கூட எடுக்காது. அப்படி ஒன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்திருந்தால்... சரி, ரொட்டிக்கு வருவோம்.

மா 350 கிராம், தேங்காய்ப்பூ 120, தூள் உப்பு 6 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கல்லுப்பு என்றால் கரண்டியை நம்பாமல் நிறுத்துப் போடுங்கள். இடையில் காற்று நிற்பதால் அதே கரண்டியில் குறைவாகத்தான் பிடிக்கும். தண்ணீர் 190 மில்லியில் தொடங்கி, தேவைக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். கனடா மாவில் புரதம் 13 சதவீத அளவில் இருப்பதால் தண்ணீரை இழுக்கும். ஹீட்டர் ஓடும் மாதங்களில் மாவும் காய்ந்து கிடக்கும். பிசைந்து அரை மணி மூடி வைக்காவிட்டால் தட்டத் தட்டச் சுருங்கும்.

பச்சைத் தேங்காய் கிடைக்காவிட்டால் உலர்ந்த தேங்காய்ப்பூ 65 கிராமை 55 மில்லி வெந்நீரில் ஊறவையுங்கள். பச்சைத் தேங்காயில் பாதிக்குக் கிட்ட ஈரம். அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மாவின் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

பருப்பில் மட்டும் நமக்கு லாபம். 1,868 மீட்டர் உயர நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். இங்கே 100க்குக் கிட்ட. ஆக, பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். அந்தக் குளிரில் அடுப்படியில் குந்தியிருக்கிற சாக்குத்தான் இங்கே இல்லை.

மிளகு, மஞ்சள் போன்ற ரெண்டு மூன்று கிராம் சாமான்களுக்குக் கரண்டியே போதும். சாதாரணத் தராசு அதில் தடுமாறும். சும்மா விட்டால் ரெண்டு மூன்று நிமிடத்தில் தானே அணைந்தும் போகும், கழித்த கணக்கும் அதோடு போகும். ஊருக்குப் போன் பேசிக்கொண்டே மா நிறுக்கிறவர்கள் வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.