பிள்ளைக்கு ரத்தத்தில் செரட்டோனின் பார்க்கச் சொன்னால்: ஊசி முதல் ரிப்போர்ட் வரை

ஆட்டிசமா இல்லையா என்பது ரத்தத்தில் தெரிந்துவிடுமா? புதுச்சேரியில் ரத்தம் எடுக்கும் மேசையில் இருக்கும் எங்களிடம் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டியிலிருந்து வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தெரியாது. செரட்டோனின் என்பது நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள், ரத்தத்திலும் இருக்கும். செரட்டோனின் அளவை வைத்து ஆட்டிசம் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆய்வுக்காக ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்கள் இருக்கிறார்கள். எங்கோ எடுத்த ரிப்போர்ட்டில் 'அதிகம்' என்று பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

இந்தப் பேச்சு வெறும் வதந்தியில்லை. ஷேன், ஃப்ரீட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1961-இல் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளின் ரத்தத்தில் செரட்டோனின் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே காட்டின: ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு அளவு கூடியிருக்கிறது. மற்ற மூவருக்கும் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆட்டிசமே இல்லாத அப்பா அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும்கூடச் சில குடும்பங்களில் அளவு கூடியிருப்பதுண்டு. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையாக இதை வைக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

இன்னொன்றும் உண்டு. உடம்பில் இருக்கும் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. அங்கிருந்து ரத்தத்துக்கு வந்ததை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் உள்ளதில் கிட்டத்தட்ட எல்லாமே அவற்றுக்குள்தான். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் போகாது. ஆகவே ரிப்போர்ட்டில் வருவது மூளையின் அளவு அல்ல. தட்டணு எவ்வளவு உறிஞ்சி வைத்திருக்கிறது என்பதுதான் அது. எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் வருகிறது.

மாதிரியை மூன்று விதமாக எடுக்கலாம். முழு ரத்தம், சீரம் (ரத்தம் கட்டியான பின் பிரியும் நீர்), தட்டணு நீக்கிய பிளாஸ்மா (ரத்தத்தைக் கட்டியாகவிடாமல் பிரித்த நீர்). மூன்றிலும் எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வரும். முழு ரத்தத்தை உறைய வைத்து உருக்கும்போது தட்டணுக்கள் உடைந்து உள்ளே இருப்பது மொத்தமும் வெளியே வரும். சீரத்தில் ரத்தம் கட்டியாகும்போதுதான் அது வெளியேறும். முழுதாகக் கட்டியாவதற்குள் அவசரப்பட்டுப் பிரித்தால் எண் குறையும். பிளாஸ்மாவில் இருக்க வேண்டியது மிகமிகக் கொஞ்சம். நான்கு தட்டணு உடைந்தாலே எண் எகிறிவிடும். போன வருஷம் ஓரிடத்தில் சீரம், இந்த வருஷம் வேறிடத்தில் முழு ரத்தம் என்று எடுத்துவிட்டு, கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

முழு ரத்தம் என்றால் ஊதா மூடி டியூபில் 2 மி.லி. போதும். ஊசி குத்திய உடனே ரத்தம் தங்குதடையின்றி வர வேண்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டையை வெகுநேரம் இறுக்கி வைத்தாலும், சன்ன ஊசியில் சொட்டுச் சொட்டாக இழுத்தாலும், நரம்பு தேடி ஊசியை உள்ளேயே துழாவினாலும் தட்டணுக்கள் கிளர்ந்து சரக்கைக் கொட்டிவிடும். டியூபை எட்டு பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு குப்பிகளில் பிரித்து, கெடாமலிருக்க அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பது நல்ல முறை. கடலூரில் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்புவதென்றால் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வந்த டியூபின் எண்ணை நாங்கள் நம்ப மாட்டோம். மாதிரி எந்த வகை, எப்படி உறைய வைக்கப்போகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. தெளிவான பதில் இல்லையென்றால் பிள்ளைக்கு ஊசி போட விடாதீர்கள்.

ஊசி பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குப் பட்டை இறுக்குவதும், ஸ்பிரிட்டின் சில்லிப்பும் வாடையும் குத்துவதைவிடக் கொடுமை. காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் காத்திருந்தாலே பாதிப் பிள்ளை கலங்கிவிடும். அறை, நாற்காலி, டியூப் ஆகியவற்றைப் படமெடுத்து இரண்டு நாள் முன்பே காட்டுங்கள். லிக்னோகைன் பிரிலோகைன் மரப்புக் களிம்பு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரிடம் கேட்டு, ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு முழங்கை மடிப்பில் தடவி மேலே ஒட்டி மூடினால் வலி வெகுவாகக் குறையும். இரும்புச் சத்து, ஃபெரிட்டின், தைராய்டு போன்றவற்றை மருத்துவர் எழுதியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மண், சுவர்ப் பெயின்ட் தின்னும் பிள்ளையென்றால் ஈய அளவும் சேரட்டும். இவையெல்லாம் வைத்தியத்தை மாற்றக்கூடிய சோதனைகள், செரட்டோனின் அப்படியல்ல.

சாப்பாட்டு விஷயத்தில் தேவையில்லாத கட்டுப்பாடு நிறைய. வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், வால்நட் ஆகியவற்றை இரண்டு மூன்று நாள் நிறுத்தச் சொல்வது முக்கியமாக 24 மணி நேர மூத்திரத்தில் 5-ஹெச்.ஐ.ஏ.ஏ. (செரட்டோனின் சிதைந்து உண்டாகும் கழிவு) பார்ப்பதற்காக. பெரியவர்களுக்கு வரும் கார்சினாய்டு என்ற கட்டியைத் தேடுகிற சோதனை அது. ரத்தம் எடுப்பதற்கு லேப் அப்படிக் கேட்டால் அந்த நாட்களுக்கு மட்டும் போதும். தயிர் சாதமும் வாழைப்பழமும் மட்டுமே தொடுகிற பிள்ளையிடமிருந்து வாழைப்பழத்தை நிரந்தரமாகப் பிடுங்காதீர்கள்.

மாத்திரை அப்படியில்லை. மனச்சோர்வு, பதற்றத்துக்குத் தரும் ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்றவை தட்டணு செரட்டோனினை உறிஞ்சும் வழியையே அடைத்துவிடும். ரத்த அளவு சரசரவென இறங்கும். வலிப்புக்குத் தரும் வால்புரோவேட் சிலருக்குத் தட்டணு எண்ணிக்கையையே குறைக்கும். சோதனைக்காக எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். படிவத்தில் மாத்திரைப் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும்.

ரிப்போர்ட் வந்தால் பக்கத்திலேயே தட்டணு எண்ணிக்கையை வைத்துப் படியுங்கள். ஒரு கணக்கு: ஒரு பிள்ளைக்கு செரட்டோனின் மி.லி.க்கு 150 நானோகிராம், தட்டணு மைக்ரோலிட்டருக்கு (மி.லி.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இரண்டரை லட்சம். இன்னொரு பிள்ளைக்கு 300 நானோகிராம், தட்டணு ஐந்து லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு மடங்கு. 100 கோடி தட்டணுவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் இருவருக்கும் அதே 600 நானோகிராம்தான். இரும்புச் சத்துக் குறைவில் தட்டணு எண்ணிக்கை ஏறுவது நம் பிள்ளைகளிடம் சர்வசாதாரணம். பருவமடையாத பிள்ளைகளுக்கு அளவு இயல்பாகவே பெரியவர்களைவிடக் கூடுதல். பெரியவர்களுக்கான வரம்பைப் போட்டு 'அதிகம்' என்று அச்சடித்திருந்தால் அதற்கு மதிப்பில்லை.

உண்மையாகவே கூடுதல் என்றாலும் அதைக் குறைப்பது வைத்தியமாகாது. 1980-களில் ஃபென்ஃபுளூரமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு இறங்கியது, பிள்ளைகளிடம் நம்பத்தக்க முன்னேற்றம் வரவில்லை. உடல் எடை குறைக்க அதைச் சாப்பிட்ட பெரியவர்களுக்கு இதய வால்வு கெட்டதால் 1997-இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். செரட்டோனினைக் கூட்டுவதாக ஆன்லைனில் விற்கும் 5-ஹெச்.டி.பி. மாத்திரையும் வேண்டாம். ஃபுளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து.

செரட்டோனின் பார்க்கும் பணத்தையும் நேரத்தையும் வேறு இடத்தில் செலவழியுங்கள். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைக்கு ஆட்டிச அறிகுறி உண்டா என்று பார்க்க எம்-சாட்-ஆர் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. 3 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த கட்டம் பார்க்க வேண்டும். இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ. மதிப்பீட்டில் 40 கூறுகள்; 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. இதைப் பயிற்சி பெற்றவர் பிள்ளையோடு உட்கார்ந்து, பெற்றோரிடமும் விசாரித்துப் போடுவார். பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறது என்று இரண்டு மூன்று நிமிட வீடியோக்கள் எடுத்துப் போங்கள்: கூப்பிட்டால் திரும்புகிறதா, எப்படி விளையாடுகிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறது. பேச்சு வராத பிள்ளைக்கு அதற்கு முன்பே காது சோதனை ஆகியிருக்க வேண்டும். பெரா எனப்படும் அந்தச் சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். முதல் நாள் இரவு தாமதமாகப் படுக்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டி வாருங்கள்.