எங்க ஊர் ரெண்டாம் டீம்: டைரில இருந்து கொஞ்சம்

2019 மே 20, திங்கள்

ரூம்மேட் இன்னிக்கும் கேட்டான், "மச்சி, அந்த மொக்க டீமுக்கு ஏன்டா போற, பக்கத்துலயே பெரிய ஸ்டேடியம் இருக்கே?" சொன்னா புரியாது அவனுக்கு. ஜெர்மனில இந்த வோல்ஃப்ஸ்பர்க் ஊர்ல ஃபுட்பால்னா எல்லாரும் பெரிய டீமத் தான் நெனைப்பாங்க, நாட்டோட முதல் டிவிஷனான புண்டஸ்லிகா, 30,000 பேர் உக்கார்ற ஃபோக்ஸ்வாகன் அரீனா. அதுக்குப் பக்கத்துலயே ஏஓகே ஸ்டேடியம்னு சின்னதா ஒண்ணு, 5,000 பேர் சொச்சம் தான் புடிக்கும். நான் போறது அங்க. அதே கிளப்போட ரெண்டாம் டீம், நாலாவது டிவிஷன் ஆடுற ரிசர்வ் டீம பாக்க.

இந்த ஊரே ஃபோக்ஸ்வாகன் கார் ஃபேக்டரிக்காகக் கட்டினது தான். 1938ல கார் செய்றதுக்குன்னு வெறும் நெலத்துல ஆரம்பிச்சாங்க, ஊருக்குன்னு ஒரு பேரு கூட கெடையாது, அந்த காரோட நகரம்னு தான் பேரு, வோல்ஃப்ஸ்பர்க்னு ஆனது 1945ல. கால்வாய்க்கு அந்தாண்ட பவர் ஹவுஸோட நாலு புகைபோக்கி, இந்தாண்ட வீடுங்க. ஃபுட்பால் கம்பெனியும் 2007ல இருந்து முழுசா ஃபோக்ஸ்வாகனோடது தான். அட சாசேஜ் கூட ஃபேக்டரில செய்றாங்க, அதுக்கு பார்ட் நம்பர் வேற இருக்கு, 199 398 500 ஏ, சத்தியமா.

சரி விஷயத்துக்கு வர்றேன். நம்ம பசங்க லீக்ல சாம்பியன் ஆயிட்டாங்க! ஆனா மேல போகல. சாம்பியன் ஆனா நேரா மேல போறது தான நியாயம், இங்க அப்டி இல்ல, நாலாவது டிவிஷன் அஞ்சு ஏரியாவா பிரிஞ்சு கெடக்கு, மேல இருக்கற எடம் பத்தாது. அதனால வடக்கு சாம்பியனான நம்ம டீமும் பவேரியா சாம்பியனும் ரெண்டு மேட்ச் மோதணும். எதிர்ல யாருன்னா நாட்டுலயே பெரிய கிளப்பான பயர்ன் மியூனிக்கோட ரிசர்வ் டீம். கிழிஞ்சது.

2019 மே 22, புதன்

3-1!!! நம்பவே முடியல.

தொண்ட போச்சு, நாளைக்கு மீட்டிங்ல பேச முடியாது, பரவால்ல. இந்த சின்ன ஸ்டேடியத்துல எனக்குப் புடிச்சதே சத்தம் தான், பெரிய அரீனால கூட்டத்தோட எரைச்சல் மட்டும் கேக்கும், இங்க பந்து ஷூல படுற 'தப்' கேக்கும், கோச் கத்துறது வார்த்த வார்த்தையா கேக்கும், டேக்கிள்ல விழுந்த பையன் மூச்ச இழுக்குறது கூட. லெஃப்ட் சைடு பையன் ஒருத்தன் த்ரோ போடறதுக்கு என் முன்னாடி வந்து நின்னான், முழங்காலுக்குக் கீழ சாக்ஸ் கிழிஞ்சு தொங்குது, பந்த ஜெர்சில தொடச்சுகிட்டே இருக்கான், கை நடுங்குது. என் தம்பி வயசு தான் இருக்கும்.

பக்கத்து சீட்டுல எப்பவும் போல தாத்தா. (தாத்தான்றது நான் மனசுக்குள்ள கூப்பிடறது.) 1962ல இத்தாலில இருந்து ஃபேக்டரி வேலைக்கு ஆள் கூட்டிட்டு வந்தாங்கல்ல, அதுல வந்தவரு, ரிட்டயர் ஆயி பல வருஷம் ஆச்சு. ஃப்ளாஸ்க்ல காப்பி, மடில சின்ன குஷன். நான் குதிச்சப்ப என்னப் பாத்து விரல் மட்டும் ஆட்டினாரு. "2016லயும் இங்க ஜெயிச்சோம்"னாரு. அவ்வளவு தான், அதுக்கு மேல பேசல.

2019 மே 23, வியாழன்

தூக்கம் வராம தோண்டிப் பாத்தேன். 2014லயும் சாம்பியன், க்ரோஸாஸ்பாஹ்னு ஒரு கிராமத்து டீம் கிட்ட தோத்தாங்க, ரெண்டு மேட்சுக்கும் சேத்து விழுந்ததே ஒரே ஒரு கோல், அதுவும் நமக்கு எதிரா. 2016ல ரேகன்ஸ்பர்க், இங்க 1-0 ஜெயிச்சு அங்க போய் 0-2. தாத்தா விரல் ஆட்டினது சும்மா இல்ல.

இன்னொண்ணு, இந்த டீம் ஜெயிச்சாலும் மூணாவது டிவிஷன் தாண்ட முடியாது, ரிசர்வ் டீமுக்கு ரெண்டாவது டிவிஷன்ல எடமே இல்லன்றது ரூல். 23 வயசு தாண்டின ஆளுங்க மூணு பேர் தான் ஒரே நேரத்துல ஆடலாம். நல்லா ஆடுறவன் பெரிய டீமுக்குப் போயிடுவான், சுமாரா ஆடுறவன் வேற ஊருக்கு. யார் ஜெர்சி வாங்குறதுன்னே தெரியாம நான் பேர் போடாத ஜெர்சி தான் வச்சிருக்கேன்.

அந்த ஜெர்சியோட பச்ச கலருக்கும் ஒரு கத இருக்கு. 1945ல கிளப் ஆரம்பிச்சப்ப கோச் கிட்ட பத்து பச்ச ஜெர்சி இருந்துச்சாம், டவுசருக்கு துணி இல்லாம ஊர்க்காரங்க வெள்ளப் பெட்ஷீட்ட குடுத்து பொம்பளைங்க தெச்சுத் தந்தாங்களாம். எனக்கு இந்த ஊர்மேல பாசம் வந்ததே இதப் படிச்சப்புறம் தான்.

2019 மே 26, ஞாயிறு

மியூனிக் போகல, டிக்கெட்டு, ட்ரெயினு, லீவுன்னு ஆயிரம் சாக்கு. ஃபோன்ல ஸ்கோர ரிஃப்ரெஷ் பண்ணிகிட்டே துணி மடிச்சேன்.

1-4. மொத்தத்துல 4-5.

துணி மடிக்கிறத பாதில விட்டுட்டு வெளிய நடந்தேன், கால்வாய் பாலம் வர. ஷிஃப்ட் பஸ் எப்பவும் போல போய்கிட்டு இருந்துச்சு. ரூம்மேட் கிண்டல் பண்ணுவான்னு பாத்தேன், பாவம், ஒண்ணுமே சொல்லாம தோச சுட்டு வச்சிருந்தான்.

2019 மே 28, செவ்வாய்

தாத்தாவ பஸ் ஸ்டாப்ல பாத்தேன். மேட்ச பத்தி வாயத் தெறக்கல. முழங்கால் வலி, புது டாக்டர், அதையே பத்து நிமிஷம். பஸ் வந்ததும் ஏறி, "ஆகஸ்ட்ல பாக்கலாம்"னாரு.

2021 ஆகஸ்ட் 8, ஞாயிறு

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன். கொரோனால போன சீசன் பாதில நின்னது நின்னது தான், திரும்ப ஆரம்பிக்கவே இல்ல. இப்ப புது சீசன் லிஸ்ட்ல நம்ம டீம் பேரே இல்ல. ரிசர்வ் டீமே வேணாம்னு எடுத்துட்டாங்க. லெவர்குசன் ஊர் கிளப்பும் 2014லயே இதத்தான் பண்ணாங்க, அதுவும் கம்பெனி ஊர் தான், மருந்துக் கம்பெனி. கணக்குப் பாத்தா சரியா கூட இருக்கலாம், பத்தொம்பது வயசுக்குள்ள தேறினவன் மேல போகட்டும், மத்தவன வேற டீமுக்கு லோன்ல அனுப்பிடலாம். அந்த கிழிஞ்ச சாக்ஸ் பையன் இப்ப எந்த ஊர்ல த்ரோ போடறானோ.

தாத்தாவுக்கு ஃபோன் பண்ணேன். நான் தான் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பிச்சேன், அவரு கேக்கவே இல்ல. அதே ஸ்டேடியத்துல பொம்பளைங்க டீம் ஆடுது, அவங்களோட சீசன் டிக்கெட் வாங்கிட்டாராம். அதே சீட்டு. பக்கத்து சீட்டு காலியா இருக்கு, சீக்கிரம் போடு, அந்த வரிசைல மட்டும் தான் வெயில் படாதுன்னாரு.

போட்டுட்டேன்.