ஓட்டை எண்ணிக்கை

ஜூன் 1, 2024, சனி

ஒன்பதாம் வகுப்புத் தையல் பீரியடோடு விட்டது, இன்றைக்குத்தான் மறுபடி கிராஸ் ஸ்டிட்ச், கட்டம் எண்ணிப் பெருக்கல் குறியாகப் போடுகிற தையல். அப்போது மேட்டி துணி. இப்போது கடையில் கேட்டால் ஐடா துணி, 14 கவுன்ட் என்று எடுத்துப் போடுகிறார்கள். அங்குலத்துக்கு 14 கட்டம், ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஓட்டை பளிச்சென்று தெரியும். பக்கத்திலேயே 18 கவுன்ட்டும் இருந்தது, தைத்து முடித்தால் அச்சடித்த மாதிரி இருக்கும், ஆனால் நாற்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

படம் ஒரு கிளி, சுற்றி மாங்காய் பார்டர். அகலம் 84 கட்டம், உயரம் 56. இரண்டையும் 14ஆல் வகுத்தால் 6 அங்குலத்துக்கு 4 வரும். நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டு 12க்கு 10 வெட்டினேன். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் பிறகு ஃபிரேம் போடும்போது பின்பக்கம் மடிக்கத் துணி இருக்காது. ஓரம் பிரியாமல் இருக்க சாதா நூலால் சுற்றி ஒரு தையல் போட்டாயிற்று.

ஜூன் 4, செவ்வாய்

வோட்டு எண்ணிக்கை. காலை 8 மணியிலிருந்து டிவி அலறுகிறது, நான் ஜன்னலோரம் துணியை வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். அத்தை காப்பியோடு வந்து பார்த்துவிட்டு, “ஊரு பூரா ஓட்டு எண்ணுதான், இவ ஓட்டைய எண்ணுதா” என்று போனார்.

எண்ணத்தான் வேண்டும், வேறு வழியில்லை. துணியை நாலாக மடித்து நடுப்புள்ளியைக் குறித்து, வரைபடத்தின் நடுவையும் பார்த்து, அங்கிருந்து ஆரம்பித்தேன். வரைபடத்தில் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும், துணியில் இருக்காது. அதையும் வெளிர் நிறத் தையல் நூலால் பத்துப் பத்தாக ஓட்டிவிட்டால் எண்ணுகிற வேலை பாதியாகும், முடிந்ததும் உருவிவிடலாம். இதை நான் இடது பாதிக்கு மட்டும் செய்தேன். வலது பாதிக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

நூலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆங்கர் கம்பெனி நூல் கண்டு ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை சேர்ந்தது. ஆறையும் கோத்துத் தைத்துவிட்டு ஏன் இப்படி மொத்தையாக இருக்கிறது என்று நான் முழித்தது முதல் நாள். 14 கவுன்ட்டுக்கு இரண்டு இழை போதும். இழைகளைப் பிரிக்கும்போது ஒன்று ஒன்றாகத்தான் மேல் பக்கம் உருவ வேண்டும், சேர்த்து இழுத்தால் குருவிக்கூடு.

முடிச்சு போடாமல் ஆரம்பிக்கிற வித்தை ஒன்று கற்றுக்கொண்டேன், இதற்காகவே தைக்கலாம் போல இருக்கிறது. ஒரே இழையை 90 சென்டிமீட்டர் வெட்டி, இரண்டாக மடித்து, நுனி இரண்டையும் ஊசிக் காதில் கோக்க வேண்டும். மடிப்பு வால் பக்கம் கண்ணி மாதிரி தொங்கும். கீழிருந்து ஊசியை மேலே எடுத்து, முதல் குறுக்கைப் போட்டுக் கீழே இறக்கியதும், பின்பக்கம் அந்தக் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்தால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். முடிக்கும்போது பின்னால் நாலு தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டிவிட்டால் சரி.

ஊசி 24ஆம் நம்பர், முனை மழுங்கியது. அதைத் துணியில் குத்தியே வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் கை வியர்வைக்கும் துரு ஏறி, துணியில் போகாத புள்ளி விழும். துணியை இறுக்கிப் பிடிக்கிற வட்டச் சட்டத்தையும் ராத்திரி கழற்றிவிடுகிறேன், தடம் பதியாமல் இருக்கும்.

மிச்ச நூலைச் சுற்றி வைக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான், துண்டு துண்டாக வெட்டி நிற எண்ணை மேலே எழுதிவிட்டேன். இலைப் பச்சை நூல் சுற்றிய அட்டையில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பி.இ. பட்டம் தெரிகிறது.

ஜூன் 14, வெள்ளி

வலது பக்க பார்டர் மூலையில் சேரவில்லை. ஒரே ஒரு கட்டம். பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் தப்பு செவ்வாய்க்கிழமை போட்ட இரண்டாவது மாங்காயில் இருக்கிறது, அங்கிருந்து இங்கே வரை எல்லாம் ஒரு கட்டம் தள்ளி.

கிளியின் சிறகில் இப்படி ஒரு கட்டம் தப்பியிருந்தால் விட்டிருப்பேன், கிளிக்கே தெரியாது. பார்டரை அப்படி விட முடியாது. டீ போட்டுக் குடித்துவிட்டுப் பிரிக்க உட்கார்ந்தேன். இழுத்து உருவாமல், முன்பக்கம் நாலைந்து தையலுக்கு ஒருமுறை சின்னக் கத்தரியால் வெட்டி, ஊசி முனையால் துண்டு துண்டாக எடுத்தால் துணி நூல் இழுபடாது. ஒன்றரை மணி நேரம். ஒட்டியிருந்த பஞ்சை செலோ டேப்பால் ஒற்றி எடுத்தேன். அப்புறம் வலது பாதிக்கும் பத்துப் பத்தாக நூல் ஓட்டினேன், வாயை மூடிக்கொண்டு.

ஜூன் 19, புதன்

எதிர்வீட்டு அக்கா பல வருடம் கர்நாடகத்துத் தார்வாடில் இருந்தவர். என் துணியை வாங்கிப் பார்த்து, உள்ளே போய் ஒரு கசூத்திச் சேலையை எடுத்து வந்தார். வரைந்துகொள்ளாமல், சேலையின் இழையையே எண்ணி எண்ணிப் போடுகிற தையல், பின்னால் ஒரு முடிச்சு கிடையாது. அதில் பெருக்கல் குறி மாதிரி வருவதற்கு மெந்தெ என்று பெயராம். கன்னடத்தில் வெந்தயம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வெந்தயம் இறைத்த மாதிரிதான் இருக்கிறது.

பிறகு என் துணியைச் சாய்த்துப் பிடித்து, “இங்க மட்டும் ஏம்மா மினுக்கம் மாறுது?” என்றார். மேலே விழுகிற குறுக்கு இழை எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும், அந்த இடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டே தைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

முடிந்தது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அலசினேன். கிளி மூக்குக்கு மட்டும் பழைய தையல் பெட்டியில் கிடந்த பெயரில்லாத சிவப்பு நூலைப் போட்டிருந்தேன், அது சாயம் விட்டு வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. தைப்பதற்கு முன்பே நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

“வெத்தல போட்டுத் துப்புன கிளி மாரில்லா இருக்கு” என்றார் அத்தை.

காயவிடாமல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். காய்ந்தால் பிடித்துக்கொள்ளும், சூடு பட்டால் கேட்கவே வேண்டாம். ஆறாவது தண்ணீரிலும் லேசாக ரோஸ். அத்தை அடுத்த வாளியைத் தானே பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். ஏழாவது தண்ணீர் தெளிவாக வந்தது. துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் விரித்திருக்கிறேன். நாளைக்கு டர்க்கி டவல் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாக இஸ்திரி.