குவார்ட்டர்பேக் இடம் யாருக்கு?

மார்லின் பிரிஸ்கோ கதைய படிச்சதுலேர்ந்து மனசு ஆறவே இல்ல. அமெரிக்கன் ஃபுட்பால்ல 1968ல டென்வர் டீமுக்கு குவார்ட்டர்பேக்கா, அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவரா ஆடி, முதல் சீசன்லயே 14 டச்டவுன் பாஸ் (டீமுக்கு புள்ளி வாங்கித் தர்ற எறி) போட்ட கறுப்பின மனுஷனுக்கு, அடுத்த வருஷம் அந்த இடத்த குடுக்கவே இல்ல, பஃபலோ போய் எறியிற பந்த ஓடிப் புடிக்கிற வைட் ரிசீவரா மாறி ஆட வேண்டியதாச்சு.

ஏன்னா அப்பல்லாம் குவார்ட்டர்பேக், அவருக்கு பந்த எடுத்துக் குடுக்குற சென்டர் மாதிரியான, யோசிச்சு ஆட்டத்த நடத்துற இடம் வெள்ளையர்களுக்கு, ஓடுறதும் தாவிப் புடிக்கிறதும் கறுப்பின வீரர்களுக்குன்னு நிறைய கோச்சுங்க மனசுல ஒரு கோடு இருந்துச்சு. எவ்ளோ பெரிய அநியாயம்! இன்னொரு கறுப்பின குவார்ட்டர்பேக் வாரன் மூன 1978 டிராஃப்ட்ல (டீமுங்க புது வீரர்கள தேர்ந்தெடுக்குற நிகழ்ச்சி) யாருமே எடுக்கல, அவரு கனடா போய் எட்மண்டன் டீமோட வரிசையா 5 கிரே கப் (கனடா லீக்கோட கோப்பை) ஜெயிச்சு, அப்புறம் 1984லதான் ஹூஸ்டனுக்கு வந்தாரு.

1988 ஜனவரி சூப்பர் பவுல்ல, அதாவது அமெரிக்க லீக்கோட இறுதிப் போட்டில, கறுப்பின குவார்ட்டர்பேக் டக் வில்லியம்ஸ் ரெண்டாவது குவார்ட்டர்ல மட்டும் 4 டச்டவுன் பாஸ் போட்டாரு, 42-10ன்னு வாஷிங்டன் ஜெயிச்சுது, அந்த வீடியோவ எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

சூப்பர் பவுல்ல ரெண்டு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக் முதல்முறையா ஆட்டத்த ஆரம்பிச்சது மஹோம்ஸ், ஹர்ட்ஸ் மோதுன 2023லதான். பிரிஸ்கோ அதுக்கு முந்தின வருஷமே இறந்து போயிட்டாரு.