சக்கரம் இறங்காத வெல்லிங்டன்

1940 கடைசியில், பிரிட்டனிலிருந்து போரிட்ட போலந்தின் 300, 301 குண்டுவீச்சுப் படைப்பிரிவுகள் ஒற்றை என்ஜின் ஃபேரி பேட்டில் விமானத்தை விட்டு, இரட்டை என்ஜின் வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கு மாறின. 1சி மாடலில் ஒரு என்ஜின் போனால் பெரிய தலைவலி. செத்த என்ஜினின் புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றின் போக்குக்குத் திருப்ப வழியில்லை. அது சும்மா சுழன்று பிரேக் போட்ட மாதிரி இழுக்கும், உயரம் குறைந்துகொண்டே வரும்.

இறங்குமிடம் உழுத வயல் என்றால் சக்கரத்தை உள்ளேயே விடுவதுதான் சரி. வெளியே நீட்டினால் மண்ணில் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். குண்டுகளை முன்பே உதிர்த்துவிட வேண்டும். கொக்கியில் ஒன்று சிக்கி நின்றாலும், வயிறு தரையில் தேயும்போது அதுதான் எமன். மேலே உள்ள தப்பிக்கும் வழிகளையும் வானத்திலேயே திறந்துவிடணும், உடல் வளைந்தால் மூடி இறுகிக்கொள்ளும். முன், பின் துப்பாக்கிக்காரர்கள் கூண்டை விட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

சக்கரத்தின் இழுவை இல்லாததால் விமானம் குறிவைத்த இடத்தைத் தாண்டி மிதக்கும். தரை தொடும் நேரத்தில் பெட்ரோலையும் இக்னிஷனையும் அணைக்கணும். போலந்து விமானிகளுக்கு இன்னொரு வம்பு: அவர்கள் ஊரில் த்ராட்டிலை (என்ஜின் வேகத்தைக் கூட்டும் நெம்புகோலை) பின்னால் இழுத்தால்தான் வேகம், பிரிட்டனில் முன்னால் தள்ளணும். பதற்றத்தில் கை பழசைத்தான் செய்யும்!

பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த, விமான உடலின் உலோகப் பின்னல் சட்டம் நசுங்குமே தவிர எளிதில் சிதறாது. ஆனால் மேலே போர்த்தியிருப்பது டோப் (துணியை விறைப்பாக்கும், எளிதில் தீப்பற்றும் பூச்சு) பூசிய லினன் துணி. தீப்பொறி போதும். விமானம் நின்ற கையோடு எல்லாரும் வெளியே குதித்து ஓட வேண்டியதுதான்.