ஒரு பாய்ச்சலுக்கு மூன்று படம்: புராஜெக்டில் பயனர் கையேடு எழுதப்போகிறவர்களுக்கு

போன வாரம் ரிசல்ட் வந்தது. புராஜெக்டில் எங்கள் குழுவில் நால்வருக்கும் நல்ல மதிப்பெண். இரண்டாம் ரிவ்யூவில், அதாவது ஆசிரியர்கள் இடையில் பார்க்கும் மதிப்பீட்டில், "இதைக் கையேடு என்று யாரிடமும் காட்டாதீர்கள்" என்று மேசைமேல் திருப்பி வைக்கப்பட்ட பக்கங்களை எழுதியவள் நான். மதிப்பெண்ணைப் பார்த்தபோது அம்மாவிடம் சொல்லக்கூடச் சிறிது நேரம் குரல் எழவில்லை. அடுத்த ஆண்டு தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பி.சி.ஏ. இறுதியாண்டில் யாராவது ஒருவரிடம் "நீ கையேட்டைப் பார்த்துக்கொள்" என்று சொல்லப்போகிறார்கள். அவருக்காக, நினைவு மங்குவதற்குள் இதை எழுதுகிறேன். எத்தனை ரிவ்யூ, ரெக்கார்டு (புராஜெக்ட் அறிக்கை) எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் புராஜெக்ட், ஆடு புலி ஆட்டத்தின் கணினி வடிவம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி ஆட்டைத் தாண்டிப் பாய்ந்தால் அந்த ஆடு போய்விடும். புலிகளை நகரவிடாமல் அடைப்பது ஆடுகளின் வேலை. பைத்தானில், விளையாட்டு எழுத உதவும் பைகேம் தொகுப்பைக் கொண்டு இரண்டு பேர் நிரல் எழுதினார்கள், ஒருவர் படங்களை வரைந்தார், மிச்சமிருந்த கையேடு எனக்கு வந்தது. மிச்சம் என்ற எண்ணத்தோடுதான் நானும் அதைத் தொட்டேன். நான்கு பக்கம் ஆட்ட விதிகள், பிறகு வரிசையாக ஒன்பது ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. ஜனவரியில் எடுத்த படங்கள் அவை. பிப்ரவரியில் நண்பர்கள் பலகையின் நிறத்தை மாற்றி, 'புதிய ஆட்டம்' பொத்தானை இடமிருந்து வலத்துக்குக் கொண்டுபோனார்கள். கையேட்டில் இருந்த பொத்தான் திரையில் இல்லை. ரிவ்யூவில் முதலில் கண்ணில் பட்டதே அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாசி மாதம், திண்ணை முழுக்கப் புளி. அத்தை கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியில் என்ன என்று கேட்டார். ஆடு புலி ஆட்டம் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு கரித்துண்டை எடுத்தார். உச்சியிலிருந்து இறங்கும் நான்கு கோடு, குறுக்கே மூன்று கோடு, அடியில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் முனைகளைச் சேர்த்து மூடல். நாங்கள் நிரலில் ஒரு வாரம் ஆயத்தொலைவு கணக்குப் போட்டு வரைந்த பலகை, திண்ணையில் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. புலிக்கு மூன்று கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. மூன்று ஆட்டத்திலும் அவரே வென்றார்.

பிறகு மடிக்கணினியை அவர் முன் வைத்து, கையேட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்தேன். இந்தப் பேசாமல் உட்கார்ந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் கையேட்டைக் காப்பாற்றியது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

அத்தைக்கு ஆட்டம் தலைகீழ்ப் பாடம். எழுத்துக் கூட்டிச் செய்தித்தாள் படிப்பார். மவுஸ் மட்டும் புதிது. ஆடுகளை ஒவ்வொன்றாக வைப்பது சுலபமாக நடந்தது, ஏனென்றால் அதற்கு ஒரே கிளிக் போதும். பதினைந்தும் வைத்து முடிந்ததும் கையேட்டைப் பார்த்தார். "ஆட்டை நகர்த்தவும்" என்று எழுதியிருந்தேன். ஆட்டின் மேல் ஒரு கிளிக் செய்துவிட்டுக் காத்திருந்தார். ஆடு அசையவில்லை. எங்கள் விளையாட்டில் முதலில் ஆட்டைக் கிளிக் செய்ய வேண்டும், அதைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்த பிறகு போக வேண்டிய புள்ளியைக் கிளிக் செய்ய வேண்டும். 'நகர்த்தவும்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செயல்களை நான் ஒளித்து வைத்திருந்தேன்.

அடுத்தது அம்புக்குறி. இரண்டாம் படத்தில் 'இங்கே அழுத்தவும்' என்பதற்கு ஒரு சிவப்பு அம்பு. ஐந்தாம் படத்தில் 'புலி இந்தப் பக்கம் போகும்' என்பதற்கும் அதே சிவப்பு அம்பு. அத்தை ஐந்தாம் படத்து அம்பின் நுனியில் எது இருக்கிறதோ அதையே அழுத்திக்கொண்டிருந்தார். தவறு அவருடையது அல்ல. அம்பு என்றால் அழுத்து என்று மூன்று படம் முன்னால் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

கடைசியாகப் புலியின் பாய்ச்சல். நான் வைத்திருந்தது ஒரே படம்: பாய்ந்து முடித்த புலி. வெகுநேரம் பார்த்துவிட்டு, "தின்ற ஆடு எங்கே கண்ணு?" என்று கேட்டார். படத்தில் அந்த ஆடு இல்லை, ஏனென்றால் தின்றாயிற்று. எதைத் தாண்டியது, எங்கிருந்து வந்தது, எதுவுமே அந்தப் படத்தில் இல்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு நொடிதான் இருக்கும். பாய்ச்சலோ ஒரு நொடியில் முடிவதில்லை.

அன்று நான் வாயைத் திறக்கத் துடித்த ஒவ்வொரு முறையும் என் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மொத்தம் பதினொரு கோடு. அவை விழுந்த இடங்களில்தான் கையேட்டைத் திருத்தினேன். வேறெங்கும் கை வைக்கவில்லை.

பாய்ச்சலுக்கு மூன்று படம் வைத்தேன். முதல் படம்: புலி, அதை ஒட்டி ஆடு, ஆட்டுக்கு அப்பால் அதே கோட்டில் காலிப் புள்ளி, புலி மேல் வட்டத்துக்குள் 1. இரண்டாம் படம்: புலியைச் சுற்றி மஞ்சள் வளையம், காலிப் புள்ளியில் வட்டத்துக்குள் 2. மூன்றாம் படம்: புலி அங்கே, ஆடு பலகைக்கு வெளியே, ஓரத்தில் இருக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கிறது. இவற்றோடு, தாண்ட முடியாத நிலைக்கும் ஒரு படம்: அடுத்தடுத்து இரண்டு ஆடுகள் நின்றால் புலிக்கு வழியில்லை. விதியாக அதை எழுத எனக்கு ஐந்து வரி பிடித்தது. படத்தில் பார்த்ததும் புரிகிறது.

இனி நேரடியாகச் சில:

– விளையாட்டின் திரையை இனி மாற்ற மாட்டோம் என்று குழுவில் நால்வரும் ஒப்புக்கொண்ட பிறகே படம் எடுங்கள். அந்தத் தேதியை எழுதி ஒட்டுங்கள்.

– எல்லாப் படத்தையும் ஒரே கணினியில், ஒரே ஜன்னல் (விண்டோ) அளவில், ஒரே நாளில் எடுங்கள். ஆல்ட் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் அந்த ஜன்னல் மட்டும் வரும், பின்னால் திறந்திருக்கும் மற்றவை வராது.

– பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள். ஜேபெக் வடிவில் கோடுகளின் ஓரமும் எழுத்தின் ஓரமும் கலங்கிவிடும். நம்முடையது கோடுகளால் ஆன ஆட்டம்.

– வட்டத்துக்குள் எண் என்றால் அழுத்து. அம்பு என்றால் நகர்வு. முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கம்வரை மாற்றாதீர்கள்.

– படத்துக்கு எண்ணைக் கையால் தட்டாதீர்கள். லிப்ரே ஆபீஸ், வேர்டு இரண்டிலும் படத்தலைப்பு சேர்க்கும் வசதி இருக்கிறது. நடுவில் ஒரு படம் நுழைந்தால் தலைப்பு எண்கள் எல்லாம் தானே மாறும்.

– வேர்டு படங்களைச் சுருக்கிச் சேமிக்கும். அமைப்பில் அதை நிறுத்துங்கள்.

– வீடியோ போதும் என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஓடுகிற வீடியோவை நிறுத்திக் கண்டுபிடிக்க வேண்டியதைக் காகிதத்தில் விரல் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நான் மெதுவாகப் படிக்கிறவள். மெதுவாகப் படிக்கிறவர்களுக்குத்தான் கையேடு தேவைப்படுகிறது.

அச்சு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே எனக்கு ஒரு முழு நாள் போனது. வேர்டு கோப்பை அப்படியே பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நகரத்தில் ஓர் அச்சுக் கடைக்குப் போனேன். அந்தக் கணினியில் நான் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு இல்லை. வேறு எழுத்துரு ஏறியதும் வரிகள் நீண்டு, மூன்றாம் படம் அடுத்த பக்கத்துக்குப் போய், விளக்கம் இங்கேயே நின்றது. எழுத்துருவை உள்ளே பதித்த பி.டி.எஃப். கோப்பாகவே கொண்டுபோங்கள்.

வண்ணத்தில் ஒரு பிரதி எடுத்து, மற்றவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தோம். புலியின் நகர்வுக்குச் சிவப்பு, ஆட்டின் நகர்வுக்குப் பச்சை என்று வைத்திருந்தேன். ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல். அன்றே பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பி, புலிக்குத் தடித்த முழுக்கோடு, ஆட்டுக்கு விட்டுவிட்டு வரும் கோடு என்று எல்லாப் படத்தையும் மாற்றினேன். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்களுக்கும் இதுவே சரி. முதலிலேயே இப்படி வரைந்திருக்க வேண்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர் நிரலைத் திறக்கச் சொல்லவில்லை. ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கையேட்டில் நின்றார். ஆய்வகத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்றிருந்த வேறு துறை உதவியாளரைக் கூப்பிட்டு, "இதைப் பார்த்து ஆடுங்கள்" என்றார். எங்களைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பேசாமை பழகியிருந்தது. மற்ற மூவரும் தவித்தார்கள். உதவியாளர் ஆடுகளை வைத்தார், புலியைக் கிளிக் செய்தார், ஆறாம் பக்கத்தைத் திருப்பினார், 1, 2 என்று விரல் வைத்துப் பார்த்து முதல் ஆட்டைத் தாண்டினார்.

பிறகு என்னிடம் ஒரே கேள்வி. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறுகிறதே, கையேட்டில் ஏன் 6 என்று இருக்கிறது? ஊர் வழக்கம் மாறும், இந்த நிரலில் 6 என்று வைத்திருக்கிறோம், கையேடு இந்த நிரலுக்கானது, ஆட்டத்துக்குப் பழகியவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காகத்தான் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி எழுதியிருக்கிறோம் என்றேன். அந்தக் கட்டம் பதினொன்றாவது பென்சில் கோட்டால் வந்தது. ஐந்து ஆடு போனதுமே அத்தை, "புலி ஜெயித்துவிட்டது" என்று மடிக்கணினியை மூடியிருந்தார்.